பெட்டி ரெடி... ஆள் ரெடியா?

காலை 10 மணிக்குத்தான் கதவு திறக்கும். ஒன்பதரைக்கே ஜெர்மனியின் எஸ்ஸன் நகரக் கண்காட்சி வளாகத்துக்கு வெளியே நிற்க இடமில்லை. யூ-11 ரயில் வந்து நிற்கும்போதெல்லாம் இன்னொரு கும்பல் படியேறி வருகிறது. பார்த்தால் விளையாட வந்தவர்கள் என்று சொல்லவே முடியாது. சக்கரம் வைத்த சூட்கேஸ், மடக்கு ட்ராலி, தோளில் பெரிய நீலப் பை. எல்லாம் காலி. திரும்பும்போதுதான் நிரம்பும். கையில் அரங்குகளின் வரைபடம், அதில் மூன்று நிற மார்க்கரில் வட்டங்கள். பரீட்சைக்கு முன் கடைசி நிமிடத்தில் நோட்ஸைப் புரட்டுகிற முகத்தோடு ஐம்பது வயதுக்காரர்கள் நிற்கிறார்கள்.

"டேய், திறந்ததும் நீ நேரா மூணாம் ஹாலுக்கு ஓடு. நான் அஞ்சாவதைப் பாத்துக்கறேன். வாங்கறதெல்லாம் அப்புறம். முதல்ல உக்கார ஒரு மேசை புடி!"

தமிழைக் கேட்டுத் திரும்பினால் நான்கு பேர். இரண்டு பேர் கோவையில் ஒரே இன்ஜினீயரிங் காலேஜ், ஒரே ஹாஸ்டல் அறை. இப்போது ஒருவர் ஸ்டுட்கார்ட்டில், மற்றவர் நெதர்லாந்தின் ஐந்தோவனில். மூன்றாமவர் திருநெல்வேலிக்காரர், டுசெல்டார்ஃபில் மென்பொருள் வேலை. நான்காமவர் யாழ்ப்பாணத்தில் பிறந்து, சின்ன வயதிலேயே பெற்றோருடன் அகதியாக வந்து, இங்கிருந்து ஒரு மணி நேரத் தொலைவிலுள்ள ஹாம் நகரத்துக் காமாட்சி அம்பாள் கோயில் தேரைப் பார்த்து வளர்ந்தவர். மருத்துவமனையில் நர்ஸ். மற்ற மூவருக்கும் 'அக்கா'. தீபாவளிக்கு ஊருக்குப் போக லீவு கேட்கத் தயங்குகிற இந்த மூன்று தம்பிகளும், அக்டோபரில் இந்த நாலு நாளுக்கு மட்டும் ஜனவரியிலேயே லீவு எழுதிக் கொடுத்துவிடுகிறார்கள்.

"கல்யாணத்துக்குப் போனாக்கூட இவனுவள மொத்தமா பாக்க முடியாதுல்லா. இங்க வந்தா பாக்கலாம்," என்கிறார் திருநெல்வேலிக்காரர். சொல்லிக்கொண்டிருக்கும்போதே கதவு திறந்துவிட்டது. மனிதரைக் காணோம்.

வாசகர் சந்திப்பில் பிறந்த திருவிழா

போர்டு கேம் என்றதும் நமக்கு நினைவுக்கு வருவது லூடோ, பாம்பு ஏணி, பள்ளி விடுமுறையில் சண்டையில் முடிந்த 'பிசினஸ்'. குழந்தைகள் சமாச்சாரம். பெரியவர்கள் தொட்டால் அது செஸ்ஸாகவோ கேரமாகவோ சீட்டாகவோ இருக்கும். அந்த எல்லையைத் தாண்டி, அட்டையும் மரக்கட்டையும் வைத்துப் பெரியவர்களுக்காகவே ஆண்டுதோறும் ஆயிரக்கணக்கில் புது விளையாட்டுகள் வருகின்றன என்பது நம்மூரில் பலருக்குக் கடந்த சில ஆண்டுகளில்தான் தெரியும். சென்னை, பெங்களூரு கஃபேக்களில் காபி மேசையின் பக்கத்தில் அடுக்கிவைத்த பெட்டிகள், ஐ.டி. அலுவலகங்களின் வெள்ளிக்கிழமை 'கேம் நைட்', பக்கத்து ஃபிளாட்டில் ராத்திரி ஒன்றரை மணிக்குக் கேட்கும் "ஐயோ, என் ரோடு!" என்கிற அலறல். இவற்றின் ஊற்றுக்கண் எஸ்ஸன்.

நிலக்கரியும் இரும்பும் வளர்த்த ஊர் இது. 1983-ல் 'ஷ்பீல்பாக்ஸ்' என்ற விளையாட்டுப் பத்திரிகையின் வாசகர் சந்திப்பாக, முதியோர் கல்வி நிலையம் ஒன்றில் ஃப்ரீட்ஹெல்ம் மெர்ட்ஸ் என்பவர் நடத்திய கூட்டம்தான் 'ஷ்பீல்' கண்காட்சியாக வளர்ந்தது. மற்ற வர்த்தகக் கண்காட்சிகளில் வியாபாரிகளுக்குத்தான் மரியாதை. இங்கே டிக்கெட் வாங்கிய எவரும் உட்கார்ந்து ஆடிப் பார்க்கலாம். விதிகளைச் சொல்லிக்கொடுக்க மேசைக்கு மேசை ஆள் நிற்கிறார். ஆடிப் பிடித்தால் வாங்கு, இல்லையென்றால் எழுந்து அடுத்த மேசைக்குப் போ.

ஏன் ஜெர்மனி? நீண்ட குளிர்காலம் ஒரு காரணம். ஞாயிற்றுக்கிழமை கடை திறக்கக் கூடாது என்ற சட்டம் இன்னொன்று. கடைவீதிக்குப் போக வழியில்லாத குடும்பம் வீட்டுக்குள் என்ன செய்யும்? இரண்டாம் உலகப்போருக்குப் பிறகு ராணுவ பொம்மைகளின் மேல் வந்த வெறுப்பும் சேர்ந்துகொண்டது. எதிரியை அழிக்கும் ஆட்டங்களுக்குப் பதில் கட்டுவது, விதைப்பது, விற்பது என்று ஆட்டங்கள் திரும்பின. 1979 முதல் 'ஷ்பீல் டெஸ் யாரெஸ்' என்ற ஆண்டின் சிறந்த விளையாட்டு விருது கொடுக்கிறார்கள். கொடுப்பது நிறுவனங்களல்ல, விமர்சகர்கள். விருதின் சிவப்புக் காய் முத்திரை பெட்டியில் ஏறினால் விற்பனை லட்சங்களில் போகும். 2025-ல் போர்டு கேம்களை உருவாக்கி விளையாடும் வழக்கத்தையே ஜெர்மனி தன் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்துக்கொண்டது.

■ எஸ்ஸனும் இண்டியானாபொலிஸும்

எஸ்ஸன் 'ஷ்பீல்': ஆண்டுக்கு நான்கு நாள், வியாழன் முதல் ஞாயிறு வரை. 2019-ல் 2,09,000 பேர் வந்தார்கள், 1,500-க்கும் மேற்பட்ட புது விளையாட்டுகள் அறிமுகமாயின. 2020-ல் கொரோனாவால் இணையத்தில் மட்டும். 2024-ல் மீண்டும் 2,04,000 பேர்.

அமெரிக்காவின் 'ஜென் கான்': 1968-ல் விஸ்கான்சின் மாநிலத்து ஜெனீவா ஏரிக்கரை ஊரில், கேரி கைகாக்ஸ் என்ற இன்ஷூரன்ஸ்காரர் 50 டாலர் வாடகைக்கு ஒரு மண்டபம் பிடித்து நடத்தியது. போர் விளையாட்டுப் பிரியர்கள் சுமார் நூறு பேர் வந்தார்கள். கைகாக்ஸ் 1974-ல் 'டன்ஜன்ஸ் அண்டு டிராகன்ஸ்' வெளியிட்டு உலகப்புகழ் பெற்றார். 2003 முதல் இண்டியானாபொலிஸில் நடக்கிறது. இப்போது 70,000 பேருக்கு மேல் கூடுகிறார்கள். 2023-ல் இங்கே சுமார் 3 லட்சம் டாலர் மதிப்புள்ள சீட்டுக் கட்டுகளை, சரக்குத் தட்டோடு தள்ளிக்கொண்டே திருடிப் போனார்கள். அட்டைக்கு அவ்வளவு விலை!

ஒரு ஆட்டுக்கு ஒரு செங்கல்

இந்தத் தலைமுறையின் கதை 1995-ல் 'கட்டான்' வந்ததிலிருந்து தொடங்குகிறது. உருவாக்கிய கிளவுஸ் டாய்பர், டார்ம்ஸ்டாட் பக்கத்தில் பல்செட் தயாரிக்கும் கூடம் நடத்தியவர். வேலை அலுப்புக்கு வீட்டு நிலவறையில் விளையாட்டுகள் செய்து மனைவி, பிள்ளைகளிடம் ஆடிப் பார்ப்பார். கட்டானுக்கு முன்பே மூன்று முறை அந்தச் சிவப்புக் காய் விருது வாங்கியிருந்தும் பல்செட் தொழிலை விடவில்லை. கட்டான் வந்து சில வருடம் கழித்துத்தான் துணிந்து விட்டார். 2023-ல் அவர் இறந்தபோது அது 4 கோடிப் பெட்டிகளைத் தாண்டியிருந்தது.

அதில் அப்படி என்ன இருக்கிறது? 'பிசினஸ்' ஆட்டத்தில் ஒருவர் பணம் தீர்ந்து வெளியேறினால், மற்றவர்கள் முடிக்கும்வரை அவர் டி.வி. பார்க்க வேண்டியதுதான். கட்டானில் யாரும் வெளியே போவதில்லை. அறுகோண வில்லைகள் 19 சேர்ந்த ஒரு தீவு. காடு மரம் தரும், மலை தாது தரும், களிமண் செங்கல் தரும், மேய்ச்சல் நிலம் ஆட்டைத் தரும், வயல் தானியம் தரும். இரண்டு பகடை உருட்டி வருகிற எண்ணுக்குரிய வில்லையின் ஓரத்தில் யார் வீடு கட்டியிருந்தாலும் அவருக்குப் பொருள் வரும். உருட்டியது எதிராளியாக இருந்தாலும் வரும். ஆகவே அடுத்தவர் முறையில் போனைப் பார்க்க முடியாது. எவரிடமும் எல்லாப் பொருளும் இருக்காது. பேரம் பேசாமல் ஒரு ரோடுகூடப் போட முடியாது. 7 விழுந்தால் கொள்ளைக்காரன் வருவான். இரண்டு பகடையில் அதிகம் விழும் எண்ணும் அதுதான், 36-ல் 6 வாய்ப்பு. முதலில் 10 புள்ளி எடுத்தவர் வென்றார். விதிகள் இவ்வளவே. மிச்சமெல்லாம் வாய்.

அந்த வாயைக் கேட்க, நால்வரும் தங்கியிருந்த வாடகை வீட்டுக்கு ராத்திரி போக வேண்டும். பகல் முழுக்கப் புது ஆட்டங்கள். ராத்திரி மட்டும் பழைய கட்டான்தான், விளிம்பு தேய்ந்த சீட்டுகளோடு.

"யாருகிட்டயாவது செங்கல் இருக்கா?"

"ஆடு இருக்கு. ரெண்டு தர்றேன்."

"ஆட்டை வச்சு நான் என்ன பிரியாணியா போடப்போறேன்? செங்கல்லு கேட்டா செங்கல்லு குடு."

"எனக்கு மரம் தாங்கோ, நான் செங்கல் தாறன்," என்கிறார் அக்கா.

"அக்காகிட்ட குடுக்காதடா, ஒம்பது புள்ளியில நிக்கறாங்க!"

இந்தச் சத்தத்துக்கு நடுவில், ஐந்தோவன்காரர் தன் கையிலிருந்த சீட்டுகளைப் பார்த்தபடியே சொன்னார்: "எனக்கு வேலை போயிடுச்சு. மூணு வாரமாச்சு." நால்வருக்கும் வாட்ஸ்அப் குழு இருக்கிறது. தினமும் குட் மார்னிங்கும் மீமும் வருகிறது. அதில் அவர் சொல்லவில்லை. யாரும் "ஏன்டா சொல்லல?" என்று கேட்கவும் இல்லை. ஸ்டுட்கார்ட்காரர் பகடையை உருட்டாமல் கையில் வைத்துக்கொண்டு, ஐந்தோவனில் தனக்குத் தெரிந்த இரண்டு கம்பெனிகளின் பெயரைச் சொன்னார். அக்கா பதிலுக்கு ஒன்றும் கேட்காமல் ஒரு செங்கல்லை நகர்த்தி வைத்தார். அந்தச் செங்கல்லை வைத்து ஐந்தோவன்காரரே அன்றைக்கு ஜெயித்ததும், அக்கா அதைப் பற்றி மறுநாள் மதியம்வரை புலம்பியதும் தனிக் கதை.

நாற்பதை நெருங்குகிறவர்களுக்கு நண்பர்கள் குறைவது பிடிக்காமல் போவதால் அல்ல. சந்திக்கச் சாக்கு இல்லாமல் போவதால். காலேஜில் சாக்கு தேவையில்லை, ஒரே மெஸ். வேலைக்குப் போனதும் டீக்கடை. கல்யாணம், குழந்தை, வெளியூர் எல்லாம் வந்தபின் "சும்மா வாடா, பேசுவோம்" என்றால் ஒருவரும் வருவதில்லை. ஆண்கள் விஷயத்தில் இது இன்னும் மோசம். எதிரெதிரே உட்கார்ந்து "எப்படி இருக்கே?" என்று கேட்டால் "நல்லாருக்கேன்" என்பதைத் தாண்டிப் பேச்சு நகராது. கண் வேறெங்கோ, கை வேறெதிலோ இருந்தால் வாய் திறக்கிறது. தனிமையை உலகளாவிய உடல்நலப் பிரச்னையாக எடுத்துக்கொண்டு உலக சுகாதார நிறுவனம் 2023-ல் தனி ஆணையமே அமைத்தது. மேசைமேல் அந்த 19 வில்லைகள் செய்கிற வேலையை எந்த ஆணையமும் செய்யுமா என்பது சந்தேகம்தான்.

மேசைக்கு ஒரு நாட்டாமை

நண்பர்களைச் சேர்க்கிற மேசை பிரிக்கவும் செய்யும். எந்தக் குழுவிலும் ஒருவர் இருப்பார், தோற்றால் முகம் தூக்கிக்கொள்கிறவர். இன்னொருவர் இருப்பார், விதிப்புத்தகத்தைக் கையில் வைத்துக்கொண்டு வாய்தா கேட்கிறவர். திருநெல்வேலிக்காரரும் ஸ்டுட்கார்ட்காரரும் ஒரு தடவை எட்டு மாதம் பேசிக்கொள்ளாமல் இருந்திருக்கிறார்கள். காரணம், ஒரு ஆட்டத்தின் கடைசிச் சுற்றில் கூட்டணியை முறித்தது. கேட்டால் இப்போதும் இருவரும் தங்கள் பக்கமே நியாயம் என்கிறார்கள்.

இதற்குத் தொழில்முறையிலேயே ஒரு பதில் வந்தது: எல்லோரும் ஒரே அணி, எதிரி ஆட்டமேதான். மேட் லீக்காக் 2008-ல் கொண்டுவந்த 'பேண்டமிக்' அப்படிப் புகழ்பெற்றது. உலகமெங்கும் பரவும் நான்கு நோய்களுக்கும் வீரர்கள் சேர்ந்து மருந்து கண்டுபிடிக்க வேண்டும். ஜெயித்தால் எல்லோரும், தோற்றால் எல்லோரும். சண்டை தீர்ந்தது என்று நினைத்தால் புது வியாதி வந்தது: நாட்டாமை. ஆட்டம் நன்றாகத் தெரிந்த ஒருவர், "நீ அங்க போ, நீ அந்தச் சீட்டைப் போடு" என்று எல்லோர் முறையையும் தானே ஆடிவிடுவார். மற்ற மூவர் வெறும் காய்கள். ஆபீஸில் மேனேஜரிடம் படுகிற அதே பாடு, ராத்திரி எட்டு மணிக்கும்.

வடிவமைப்பாளர்கள் இதற்குக் கண்டுபிடித்த மருந்து எனக்கு மிகவும் பிடித்தது. வாயைக் கட்டிவிட்டார்கள். 2013-ல் விருது வாங்கிய 'ஹனாபி'யில் உங்கள் சீட்டின் முகம் மற்றவர்களுக்குத் தெரியும், உங்களுக்குத் தெரியாது. குறிப்பும் அளவோடுதான் கொடுக்கலாம். 2024-ல் வென்ற 'ஸ்கை டீம்' இரண்டே பேருக்கானது. ஒருவர் விமானி, மற்றவர் துணை விமானி. பகடையை உருட்டுவதற்கு முன் பேசிக்கொள்ளலாம். உருட்டிய பின் வாயே திறக்கக் கூடாது. தன் பகடைகளைப் பலகையில் ஒவ்வொன்றாக மாறி மாறி வைத்து விமானத்தைத் தரையிறக்க வேண்டும். விமானம் ஒரு பக்கம் அதிகமாகச் சாய்ந்தால் கதை முடிந்தது. எதிரில் இருப்பவர் எந்த எண்ணை எங்கே வைத்தார், ஏன் தயங்கினார் என்பதை வைத்து அவர் மனதைப் படிக்க வேண்டும். கண்காட்சியின் ஒரு மேசையில் அறுபதைத் தாண்டிய ஒரு தம்பதி இதை ஆடினார்கள். அம்மா ஒரு பகடையை வைத்ததும் ஐயா தலையில் கை வைத்தார். சத்தமில்லை. விமானம் கீழே விழுந்தது. அதன்பின் வந்த சத்தத்துக்கு ஜெர்மன் தெரிய வேண்டிய அவசியமே இல்லை.

கவனித்துப் பாருங்கள்: 2023-ல் விருது பெற்ற 'டார்ஃப்ரொமான்டிக்', 2024-ல் 'ஸ்கை டீம்', 2025-ல் ஜப்பானியர் ஹிசாஷி ஹயாஷியின் 'பாம் பஸ்டர்ஸ்'. மூன்றும் சேர்ந்து ஆடுபவை. மூன்று வருடம் தொடர்ந்து நடுவர்கள் ஒரே பக்கம் சாய்ந்தது தற்செயல் என்று எனக்குத் தோன்றவில்லை.

■ புதிதாகத் தொடங்குகிறவர்களுக்கு

டிக்கெட் டு ரைட் (2004 விருது): ரயில் பாதை போடுவது. பத்து நிமிடத்தில் கற்கலாம். தாத்தா, பேத்தி இருவருக்கும் பொருந்தும்.

கோட்நேம்ஸ் (2016 விருது): இரு அணிகள், ஒரே ஒரு சொல் குறிப்பு. கூட்டம் அதிகமானால் இதுதான் கை கொடுக்கும். ஆங்கிலச் சீட்டை ஒதுக்கிவிட்டுத் தமிழ்ச் சொற்களை நீங்களே எழுதி வைத்தும் ஆடலாம்.

அஸூல் (2018 விருது): போர்ச்சுகீசிய ஓடுகளைப் பதிப்பது. பார்க்க அழகு, ஆடினால் கொலைவெறி.

விங்ஸ்பேன்: எலிசபெத் ஹார்கிரேவ் உருவாக்கியது. 170 பறவைச் சீட்டுகள், ஒவ்வொன்றும் உண்மையான பறவை. அனுபவசாலிகளுக்கான 'கென்னர்ஷ்பீல்' விருதை 2019-ல் பெற்றது. கோட்டை, போர், விண்கலம் என்று ஆண்களே ஆண்களுக்குச் செய்துகொண்டிருந்த தொழிலில் கடைக்காரர்களைத் திகைக்கவைத்த விற்பனை.

பிரிக்காத பெட்டிகள்

சனிக்கிழமை மதியத்துக்குள் நீலப் பைகள் நிரம்பிவிட்டன. இங்கேதான் பொழுதுபோக்கின் இன்னொரு முகம் தெரிகிறது.

இந்தக் கூட்டத்தில் யாரைக் கேட்டாலும் வீட்டில் ஐகியாவின் கல்லாக்ஸ் அலமாரி இருக்கும். பிரபலமான சதுரப் பெட்டிகள் அதன் சதுர அறைக்குள் அச்செடுத்தாற்போல் உட்காரும். ஸ்டுட்கார்ட்காரர் தன் அலமாரியின் போட்டோவைக் காட்டினார். மேல் வரிசை முழுக்கப் பெட்டிகள் பளபளத்தன. ஏன் என்று கேட்டால் சிரிக்கிறார். மேலே சுற்றிய பிளாஸ்டிக் உறையே இன்னும் பிரிக்கப்படவில்லை.

வாங்குவதற்குத் தனி சுகம். பெட்டியைத் திறந்ததும் வரும் மை வாசனை. கெட்டி அட்டையிலிருந்து வில்லைகளை ஒவ்வொன்றாக விரலால் அழுத்திப் பிதுக்கி எடுப்பது. கிழியாமல் வர வேண்டுமென்று மூச்சைப் பிடித்துக்கொள்வது. சீட்டு அழுக்காகாமல் ஒவ்வொன்றுக்கும் பிளாஸ்டிக் உறை போடுவது. உறைக்கே விளையாட்டின் விலையில் பாதி ஆகும். இதெல்லாம் தனியாகச் செய்யக்கூடியது. ஆடுவதற்கு மட்டும் ஆள் வேண்டும்.

'க்ளூம்ஹேவன்' என்று ஒரு ஆட்டம். இயற்பியலில் டாக்டர் பட்டம் வாங்கிய ஐசக் சைல்ட்ரஸ் உருவாக்கியது, 2017-ல் வந்தது. பெட்டி ஏறக்குறைய 10 கிலோ. உள்ளே தொடர்கதையாக 95 கட்டங்கள். வாரம் தவறாமல் ஒன்று முடித்தாலும் இரண்டு வருடம் ஆகும், அதுவும் அதே நாலு பேர் வர வேண்டும். எத்தனை பேர் வீட்டில் அந்த நாலு பேர் இரண்டு வருடம் தொடர்ந்து வருவார்கள்? அடுத்த பாகமான 'ஃப்ராஸ்ட்ஹேவன்' 2020-ல் கிக்ஸ்டார்ட்டர் இணையதளத்தில் முன்பணம் கேட்டபோது 83,000 பேருக்கு மேல் சேர்ந்து சுமார் 1.3 கோடி டாலர் கொட்டிக் கொடுத்தார்கள். செய்து முடிக்காத பொருளுக்கு! கொரோனாவும் கப்பல் நெருக்கடியும் வர, பெட்டி கைக்கு வருவதற்குள் பலர் ஊர் மாறியிருந்தார்கள், குழு கலைந்திருந்தது.

முன்பணத் தளங்களால் வந்த நன்மையை மறுக்க முடியாது. பெரிய கம்பெனி திரும்பிப் பார்க்காத ஆட்டங்கள் அப்படித்தான் வெளிச்சத்துக்கு வந்தன. ஆனால் 'இப்போது விட்டால் கிடைக்காது' என்ற பயத்தையும் அவைதான் வளர்த்துவிட்டன. அந்த உலோகக் காசு, அந்தத் தனிப் பொம்மை, இந்த வாரம் மட்டும். வாங்குகிற ஒவ்வொரு பெட்டியும் தன்னை வைத்து ஒரு ராத்திரி வரும் என்ற நம்பிக்கையில் வாங்கியதுதான். ராத்திரிகளின் எண்ணிக்கையோ கூடவில்லை.

இதை உணர்ந்தவர்கள் இங்கேயே மாற்று வழியும் வைத்திருக்கிறார்கள். கண்காட்சிக்கு முன்பே தங்களிடம் இருப்பதையும் வேண்டியதையும் பட்டியலிட்டு அனுப்புகிறார்கள். ஒரு கணினி நிரல், உன்னுடையது அவனுக்கு, அவனுடையது அவளுக்கு, அவளுடையது உனக்கு என்று வட்டம் வட்டமாக முடிச்சுப் போடுகிறது. குறித்த நேரத்தில் குறித்த மூலையில் நூற்றுக்கணக்கானவர்கள் தலைக்கு மேல் காகிதத்தைத் தூக்கிப் பிடித்துத் தங்கள் ஆளைத் தேடுகிறார்கள். காசு கைமாறுவதில்லை. பண்டமாற்று விளையாட்டை ஆடி ஆடிப் பண்டமாற்றாகவே ஆகிவிட்ட கூட்டம்.

பீர் அட்டையில் ஒரு ஒப்பந்தம்

நாவலின் அட்டையில் எழுத்தாளர் பெயர் இருக்கும். இங்கே பெட்டியின் முகப்பில் ஆட்டத்தை உருவாக்கியவர் பெயர் இருக்கும். இது தானாக வந்ததில்லை. 1988-ல் நியூரம்பெர்க் பொம்மைக் கண்காட்சியின்போது வடிவமைப்பாளர்கள் 13 பேர் பீர் கோப்பைக்குக் கீழே வைக்கும் ஒரு வட்ட அட்டையில் கையெழுத்துப் போட்டார்கள். பெயரைப் பெட்டியில் போடாத எந்த நிறுவனத்துக்கும் ஆட்டம் தர மாட்டோம். அவ்வளவுதான் வாசகம். நிறுவனங்கள் வழிக்கு வந்தன. 1991-ல் அவர்களுக்கென்று சங்கமும் வந்தது. அதனால்தான் எஸ்ஸனில் கையெழுத்து வாங்க வரிசை நிற்கிறது. கணிதத்தில் டாக்டரான ரைனர் க்னிட்சியா, 600-க்கு மேல் ஆட்டங்கள் செய்தவர், ஒரு மேசைக்குப் பின்னால் உட்கார்ந்தால் பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஓடுகிறார்கள்.

ஆனால் பெயர் கிடைத்தவர்கள் எல்லோருக்கும் சோறு கிடைக்கவில்லை. ஒரே அக்டோபரில் ஆயிரத்துக்கு மேல் புது ஆட்டங்கள் வந்தால், ஒன்றுக்கு எத்தனை நாள் ஆயுள்? இந்தப் பக்கம் பெரிய பணம் உள்ளே வந்துவிட்டது. டிக்கெட் டு ரைட் உட்படப் பல புகழ்பெற்ற ஆட்டங்களைக் கையில் வைத்திருக்கும் பிரெஞ்சு நிறுவனம் அஸ்மோடியை, ஸ்வீடனின் எம்பிரேசர் குழுமம் 2022-ல் 275 கோடி யூரோவுக்கு வாங்கியது. 2025-ல் அஸ்மோடி தனியாகப் பிரிந்து பங்குச் சந்தைக்கு வந்தது. சாப்பாட்டு மேசை ஆட்டத்துக்கு ஷேர் மார்க்கெட் விலை.

அதே 2025-ல் சின்ன நிறுவனங்களுக்கு விழுந்தது அடி. போர்டு கேம்களில் பெரும்பகுதி சீனாவில் அச்சாகிறது. மரக்காய், அட்டை வில்லை, பிளாஸ்டிக் பொம்மை, சீட்டு எல்லாவற்றையும் ஒரே கூரைக்குக் கீழ் செய்து, ஒரே பெட்டியில் அடுக்கித் தரும் தொழிற்சாலைகள் அங்கேதான் அதிகம். ஏப்ரலில் சீனப் பொருட்களுக்கு அமெரிக்கா போட்ட வரி 145 சதவிகிதத்தைத் தொட்டது. 10 டாலர் அடக்கம் உள்ள பெட்டிக்கு 14.50 டாலர் வரி. மே மாதம் வரி 30 சதவிகிதமாக இறங்கியது. அதற்குள் ஆர்டர்கள் நின்று, பெட்டிகள் துறைமுகத்தில் தேங்கி, முன்பணம் வாங்கியவர்கள் தங்கள் வாடிக்கையாளர்களிடம் கூடுதல் காசு கேட்கும் நிலை வந்தது. விங்ஸ்பேனை வெளியிடும் ஸ்டோன்மேயர் கேம்ஸ் அரசை எதிர்த்து வழக்குக்கே போனது. இரண்டு லட்சம் பேர் ட்ராலி தள்ளும் திருவிழாவின் பின்னணியில் இந்தக் கணக்கும் ஓடிக்கொண்டிருக்கிறது.

தாயம் மியூனிக் போன கதை

எஸ்ஸனில் எல்லாத் தலைமுறையும் அடையாளம் காணும் ஒரு பெட்டி உண்டு. 'மென்ஷ் எர்கரே டிஷ் நிஷ்ட்'. சிலுவை வடிவப் பலகை, நாலு நிறக் காய்கள், எதிரி காயை வெட்டினால் அது மறுபடி முதலிலிருந்து. நம் வீட்டுக் குழந்தைக்குக்கூடச் சொல்லிக்கொடுக்க வேண்டாம். இந்தியாவின் பச்சீசி இங்கிலாந்துக்குப் போய் லூடோ என்று 1896-ல் காப்புரிமை வாங்கிக்கொண்டது. அந்த வம்சத்தில் 1907-08 குளிர்காலத்தில் மியூனிக்கில் யோசஃப் ஃப்ரீட்ரிஷ் ஷ்மிட் என்ற அப்பா, பிள்ளைகளுக்காக எளிமையாக்கிச் செய்தது இது. முதலில் விற்கவில்லை. முதல் உலகப்போர் வந்ததும் காயம்பட்ட சிப்பாய்களுக்காக 3,000 பெட்டிகளை ராணுவ மருத்துவமனைகளுக்கு அனுப்பிவைத்தார். கட்டுப்போட்டுப் படுத்திருந்தவர்கள் ஆடிப் பழகி, ஊர் திரும்பியதும் அதையே தேடி வாங்கினார்கள். ஆட்டம் நாடு முழுக்கப் பரவியது.

பச்சீசிக்கு உறவுதான் நம் திண்ணைத் தாயம். ஏழு கட்டம், ஒன்பது கட்டம் என்று சாக்பீஸில் கோடு கிழித்து, புளியங்கொட்டையை ஒரு பக்கம் தேய்த்து, "தாயம் போட்டாத்தான் உள்ள வரணும்" என்று பாட்டிகள் நடத்திய கச்சேரி. பல்லாங்குழி, ஆடு புலி ஆட்டம், வைகுண்ட ஏகாதசிக்குக் கண் விழிக்கும் பரமபதம். கீழடியில் பகடையும் ஆட்டக் காய்களும் கிடைத்திருக்கின்றன. சென்னையில் 'க்ரீடா' போன்ற அமைப்புகள் இரண்டாயிரங்களின் தொடக்கத்திலிருந்தே இவற்றைப் பெட்டியிலிட்டு மீட்டுக்கொண்டிருக்கின்றன.

இவற்றையெல்லாம் 'மூளைக்கு நல்லது, கணக்கு வரும்' என்று பிள்ளைகள் தலையில் கட்டுவதுதான் நாம் செய்கிற தவறு. தாயம் ஆடியவர்கள் பெரியவர்கள். மதியம் வேலை ஓய்ந்த பெண்கள், வெயில் தாழக் காத்திருந்த ஆண்கள். ஊர்க்கதை, மாமியார் கதை, கடன் கதை எல்லாம் அந்தக் கட்டங்களின் மேல்தான் பேசித் தீர்ந்தது. திண்ணை போனது, மதியம் போனது, ஆட்டமும் போனது. ஹாமிலிருந்து வந்த அக்காவின் அம்மா இன்னும் தாயம் ஆடுவாராம். "அம்மாவோட ஆடினா நாங்கள் தோத்துத்தான் போவம். அவ கொட்டையை உருட்டுறதிலேயே ஏதோ வித்தை இருக்கு," என்கிறார். கட்டானை ஒருமுறை அவருக்குச் சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள். ஆட்டைக் கொடுத்து மரம் வாங்குவதெல்லாம் சரி, வெட்டுவது எங்கே என்று கேட்டாராம்.

எக்செல்லில் ஒரு சட்டம்

ஞாயிறு மதியம். குரல் கட்டிப்போன விளக்குநர்கள் சைகையில் சொல்லிக்கொடுக்கிறார்கள். இருமல் சத்தம் கூடிவிட்டது. இரண்டு லட்சம் பேர் ஒரே சீட்டுகளைத் தொட்டால் திங்கட்கிழமை பாதிப் பேருக்குக் காய்ச்சல் என்பது இந்தத் திருவிழாவின் பிரசாதம். விலை குறைப்பு அட்டைகள் தொங்குகின்றன. ஆபத்தான நேரம்.

நால்வரிடமும் ஒரு சட்டம் இருக்கிறது. எட்டு மாதச் சண்டை தீர்ந்தபிறகு அக்கா போட்டது. போன வருடம் வாங்கியதை மூன்று தடவையாவது எல்லோரோடும் சேர்ந்து ஆடியிருக்க வேண்டும். இல்லையென்றால் இந்த வருடம் புதுசு கிடையாது. ஆளுக்கு ஒரு பெட்டிதான். கணக்கு அக்காவின் எக்செல்லில் இருக்கிறது. சட்டம் வந்தபிறகு மாதம் ஒரு வெள்ளிக்கிழமை யாராவது ஒருவர் வீட்டுக்கு மற்றவர்கள் ரயில் ஏறுகிறார்கள். கணக்கில் ஏற்றியாக வேண்டுமே! ஐந்தோவன்காரருக்கு வேலை தேடுகிற படலமும் இனி அந்த வெள்ளிக்கிழமைகளில் நடக்கும்.

ஸ்டுட்கார்ட்காரரின் வரிசையில் பூஜ்யம். நாலு மணிக்கு அவர் ஒரு பெரிய பெட்டியோடு வந்து நின்றார்.

"இது எனக்கில்லக்கா. இவன் குழந்தைக்கு கிஃப்ட்," என்று திருநெல்வேலிக்காரரைக் காட்டினார்.

திருநெல்வேலிக்காரரின் குழந்தைக்கு எட்டு மாதம். பெட்டியின் ஓரத்தில் 14 வயதுக்கு மேல் என்று போட்டிருந்தது.

"அப்ப பதினாலு வரியத்துக்கு உங்களுக்கு ஒண்டும் இல்லை," என்று சொல்லிவிட்டு அக்கா லேப்டாப்பைத் திறந்தார்.